ஆமை திரும்பிய வாரம்

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். மூத்த மருமகள் என்பதால் வந்த பெயர். வேலை பார்க்கும் இடத்தில் ஆமைக்காரி என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

ஆமை என்பது ஒரு நட்சத்திரம். வெடித்து மாண்ட ஒரு பெருநட்சத்திரத்தின் இறுகிப்போன எச்சம் அது. நியூட்ரான் நட்சத்திரம் என்பார்கள். ஒரு நகரத்தின் அகலம்தான் இருக்கும். எடையோ சூரியனைவிட அதிகம். அதன் அருகிலேயே பூதாகாரமான துணை நட்சத்திரம் ஒன்று உண்டு. துணையின் மேனியிலிருந்து வீசும் வாயுவை இது இழுத்து விழுங்கும். விழுங்கப்படும் வாயு இதன் கடுமையான காந்தப்புலத்தில் சிக்கி, இரண்டு துருவங்களில் மட்டும் போய்க் கொட்டும். கொட்டுகிற இடம் கொதித்து எக்ஸ் கதிர்களை வீசும். நட்சத்திரம் சுழலச் சுழல, கலங்கரை விளக்கத்தின் ஒளியைப் போல அந்தக் கதிர் நம் பக்கம் வந்து வந்து போகும். ஒவ்வொரு வருகையையும் ஒரு துடிப்பு என்பார்கள்.

இதே இனத்தில் ஒரு நொடிக்குள் சுற்றி முடிப்பவையும் இருக்கின்றன. இதற்கு ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். போதாக்குறைக்கு, ஆண்டுக்கு ஆண்டு அது மேலும் மந்தமாகிக்கொண்டே வந்தது. என்றாவது ஒருநாள் போக்கை மாற்றி வேகமெடுக்கத் தொடங்கும் என்று எதிர்பார்த்தார்கள். எப்போது திரும்பும், எதனால் திரும்பும் என்று சொல்ல ஆளில்லை. அந்தத் திருப்பத்தைப் பார்ப்பதற்காகப் பெரியவள் பதினெட்டு ஆண்டுகளாகக் காத்திருந்தாள்.

அவள் ஒன்றும் பெரிய மேதை இல்லை. தற்காலிக வேலையாக அந்த ஆய்வகத்தில் சேர்ந்தபோது, மூத்த ஆய்வாளர் ஒருவர் கருந்துளைகளின் பக்கம் தாவிக்கொண்டிருந்தார். கைவசமிருந்த இந்த மந்தமான நட்சத்திரத்தை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்தவர், “இது எங்கேயும் ஓடிடாதும்மா, சும்மா பார்த்துக்கிட்டு இரு” என்று அவளிடம் விட்டுவிட்டுப் போனார். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆய்வகத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒருவர் பொறுப்பு. அதைக் காவல் என்பார்கள். காவல்காரரின் சம்மதம் இல்லாமல் அந்த நட்சத்திரத்துக்காகப் பெரிய தொலைநோக்கியைக் கேட்க முடியாது. அதைப் பற்றிய கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் நிற்கும்.

வானம் முழுவதையும் ஓயாமல் சுற்றிப் பார்க்கும் சிறிய செயற்கைக்கோள் ஒன்றிலிருந்து வாரந்தோறும் கணக்கு வரும். ஆமையின் சுழற்சி எவ்வளவு என்று கண்டுபிடித்து, நடைவழிச் சுவரில் ஒட்டியிருந்த நீண்ட வரைபடத்தாளில் ஒரு புள்ளி வைப்பாள். ஆண்டில் சில வாரங்கள் சூரியன் குறுக்கே வந்துவிடும். அந்தத் திசையில் கருவியைத் திருப்பினால் கருவியே பொசுங்கிவிடும். அப்போது புள்ளி இராது. அவளுக்கு மகள் பிறந்தது அப்படியொரு இடைவெளியில்தான். “நாள் பார்த்துப் பெத்துக்கிட்டீங்களே!” என்று கேலி செய்தார்கள். மகள் வளர்ந்து விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். புள்ளிகள் நடைவழியின் பாதிச் சுவரைக் கடந்தன.

இவ்வளவும் ஓரகத்தி வரும்வரை.

அவளை உள்ளே விட்டது பெரியவளேதான் என்பது இந்தக் கதையின் வயிற்றெரிச்சல். கொழுந்தன் கட்டிக்கொண்டுவந்த பெண்ணும் வானியல் படித்திருந்தாள். ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. “நம்ம வீட்டுப் பொண்ணு சார், நல்லா கணக்குப் போடுவா” என்று இயக்குநரிடம் சிபாரிசு செய்தவள் இவள். நன்றாகக் கணக்குப் போடுகிறவள் மட்டுமில்லை அவள். பெரியவள் ஒரு முற்பகல் முழுதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்வதைச் சின்னவள் எழுதிய நிரல் தேநீர் ஆறுவதற்குள் செய்து முடித்தது. பதினெட்டு ஆண்டுப் புள்ளிகளையும் வண்ணம் வண்ணமாகத் திரையில் வரைந்து காட்டியது. சின்னவள் சுவர்த்தாளைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. “உங்க கையால வச்ச புள்ளி அழகா இருக்கு அக்கா” என்பாள். சிரித்திருந்தால் தேவலை என்று தோன்றும் பெரியவளுக்கு. சிரித்தால் சண்டை பிடிக்கலாம். அழகு என்கிறவளிடம் என்ன செய்வது?

அலுவலகத்தோடு நின்றதா? இரண்டு சகோதரர்களும் ஒரே கட்டடத்தில், மூத்தவன் மேலும் இளையவன் கீழுமாகக் குடியிருந்தார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், மேல் வீட்டில் தூங்கிக் கீழ் வீட்டில் பொழுதைப் போக்குபவர். “உன் நட்சத்திரம் இன்னும் பிளாட்பாரத்துலயே நிக்குதா?” என்று பெரியவளைக் கேட்பார். சின்னவளிடமோ, “நீ நேத்துச் சொன்னியேம்மா, அந்தக் காந்தப்புலம், அதை இன்னொரு தரம் சொல்லு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பதினெட்டு ஆண்டில் ஒருமுறையாவது தன்னிடம் காந்தப்புலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாரா என்று நினைத்துப் பெரியவள் பல்லைக் கடிப்பாள். எல்லாவற்றிலும் கொடுமை, சின்னவள் முகத்தில் பொறாமையின் சாயலே இல்லாமல் இருந்தது. தனக்கு மட்டும்தான் இந்த நோயா என்று, அவளுடைய அந்த வெள்ளை மனத்தின் மேலும் பெரியவளுக்குப் பொறாமையாக இருந்தது.

சின்னவள் வந்து இரண்டு ஆண்டாயிற்று. அந்த ஆண்டு சூரியன் விலகி, முதல் கணக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மதியம் எல்லோரும் கீழ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கம்ப்யூட்டரைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள்.

“அக்கா, ஆமை திரும்பிடுச்சு!”

பெரியவள் வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது. பெற்ற மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை அடுத்த வீட்டுக்காரி வந்து சொல்வதைப் போலிருந்தது. ஆமை என்று பெயர் வைத்தது அவள். அந்தச் செய்தியை முதலில் சொல்லும் வாய் மட்டும் வேறா?

“என்னம்மா, வண்டி கிளம்பிடுச்சா?” என்றார் மாமனார், முகமெல்லாம் பல்லாக.

“கிளம்பிடுச்சு மாமா! பிரேக் போட்டுக்கிட்டே வந்தது இப்போ வேகமெடுக்க ஆரம்பிச்சிருக்கு.”

“பார்த்தியா, நீ வந்த ராசி!”

பெரியவளின் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தக் கயிறு எப்போது அறும் என்பது அவனுக்குத் தெரியும். மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “அப்பா, குழம்பு ஊத்திக்கிறீங்களா?” என்றான்.

பெரியவள் சோற்றைப் பிசைந்தபடியே நிதானமாகச் சொன்னாள். “இடைவெளியில எத்தனை துடிப்பு போச்சுன்னு எப்படி எண்ணின? ஒண்ணு கூடவோ குறையவோ எண்ணியிருந்தா, திரும்பாதது திரும்பின மாதிரித்தான் தெரியும்.”

கேள்வி நியாயமானது. சூரியன் மறைத்த வாரங்களில் ஆமை ஆயிரக்கணக்கான முறை சுற்றியிருக்கும். அவற்றை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கரையில் கடைசியாகப் பார்த்த துடிப்புக்கும் அந்தக் கரையில் முதலில் பார்த்த துடிப்புக்கும் நடுவே எத்தனை என்பதைக் கணித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு துடிப்பு பிசகினால் முடிவே தலைகீழாகிவிடும். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே அதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

சின்னவளின் முகம் சற்று வாடியது. “சரியாத்தான் இருக்கும்னு நினைக்கறேன் அக்கா.”

“நினைச்சாப் போதுமா?” என்றாள் பெரியவள். அன்றைய சோற்றில் அந்த ஒரு கவளம்தான் அவளுக்கு ருசித்தது.

பிற்பகலில் கணவன் கண்ணயர்ந்ததும் அவள் மேல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சின்னவள் எண்ணியது தப்பு என்பதற்குச் சான்று தேடத்தான் உட்கார்ந்தாள். வேறொரு நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று சூரியனுக்கு இன்னும் நெருக்கமான திசைகளையும் பார்க்க வல்லது. இடைவெளியின் நடுவில் அது ஆமைக்குப் பக்கத்திலிருக்கும் வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்திருந்தது. அந்தப் பதிவு பொதுச் சேமிப்பில் கிடந்தது. அதைத் தரவிறக்கிப் பார்த்தபோது, படத்தின் விளிம்பில், பாதி உள்ளும் பாதி வெளியுமாக, ஆமை விழுந்திருந்தது. யாரும் அதற்காக எடுக்காத படம். கல்யாணப் புகைப்படத்தின் ஓரத்தில் யாரோ வழிப்போக்கன் விழுந்திருப்பதைப் போல.

மங்கலாக இருந்தாலும் துடிப்பைப் பிரித்தெடுக்க முடிந்தது. இடைவெளி இரண்டாகப் பிளந்தது. எண்ணிக்கையில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. சின்னவள் எண்ணியது சரி. ஆமை உண்மையாகவே திரும்பியிருந்தது.

பதினெட்டு ஆண்டுகளாகக் காத்திருந்தது அந்த வரியைப் பார்க்கத்தான். ஆனால் அவள் மனத்தில் எழுந்தது ஆனந்தம் இல்லை. ‘இவளுக்கு இதுவும் வாய்த்ததே’ என்ற ஒன்றுதான் எழுந்தது. தரை வழியே கீழ் வீட்டிலிருந்து சின்னவள் நாற்காலியை நகர்த்தும் ஓசை கேட்டது. பெரியவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

மறுநாள் காலை வாராந்திரக் கூட்டம். மூன்றாம் மாடி அறை; குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க மூலையில் ஒரு வாளி. இயக்குநர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரியவளைப் பார்த்தார்.

“ஆமை திரும்பிடுச்சாமே! பெரிய டெலஸ்கோப்புல நாளையிலேர்ந்து ரெண்டு நாள் காலியா இருக்கு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள கேட்டாத்தான் உண்டு. கேக்கலாமா?”

வாரத்துக்கொரு புள்ளி என்பது சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது. பெரிய தொலைநோக்கி இரண்டு நாள் தொடர்ந்து பார்த்தால், திரும்பும் வேளையில் வாயு எந்தத் துருவத்தில் எப்படிக் கொட்டுகிறது, துடிப்பின் உருவம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு நட்சத்திரம் எதனால் திரும்புகிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

“ஆமை திரும்பினா என்ன, தூங்கினா என்ன சார்? என் கருந்துளை பொங்கிக்கிட்டு இருக்கு. அந்த ரெண்டு நாளை எனக்குக் குடுங்க” என்றார் எதிரே இருந்தவர். ஆமையைப் பெரியவள் தலையில் கட்டிவிட்டுப் போன அதே ஆய்வாளர்தான். அவரைக் கருந்துளைக்காரர் என்பார்கள்.

“காவல் அவங்களோடது, அவங்க சொல்லட்டும்” என்றார் இயக்குநர்.

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஒரு வார்த்தை வாதாடினாளானால் விட்டுக்கொடுத்துவிடலாம்’ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் வாதாடவில்லை.

“துடிப்பு எண்ணிக்கையில எனக்குச் சந்தேகம் இருக்கு சார். அடுத்த வாரக் கணக்கு வரட்டும், பொறுத்துப் பார்க்கலாம்.”

“நிதானம்னா இவங்ககிட்டக் கத்துக்கணும்” என்றார் இயக்குநர், மற்றவர்களைப் பார்த்து. கருந்துளைக்காரர் அப்போதே விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார்.

அந்த வாரம் பெரியவள் கேட்க ஏங்கியதெல்லாம் கேட்டது. “சின்னவ அவசரப்பட்டுட்டாளாமே? என்ன இருந்தாலும் பெரியவ பெரியவதான்” என்று மாமனார் வாசலில் நின்று சொன்னார். கேட்டதும் இனிக்கும் என்று நினைத்திருந்தாள். வாயில் மண் விழுந்ததைப் போலிருந்தது. நாள் ஏற ஏற, பொறாமையின் அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது. ஆமை அந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கும்? பேருந்தில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை அடுத்த கணக்கு வந்தது. ஆமை நல்ல வேகமெடுத்திருந்தது. திருப்பத்தின்போது கூடியிருந்த ஒளி முழுதும் அடங்கிவிட்டது. நாடகம் முடிந்து திரை விழுந்த பிறகு நாற்காலி பிடித்த கதைதான். இன்னொரு திருப்பம் வருவதற்குள் அவள் ஓய்வு பெற்றுவிடுவாள்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. “சந்தேகம் இருந்தா யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க” என்றார்கள்.

அதற்கடுத்து வந்த சனிக்கிழமை முற்பகலில் மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனாள். சின்னவள் அங்கே போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பெரியவள் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். நீர் வடிந்து தீர்ந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்கக் கூடாது. அந்த ஓரத்துப் படத்தை நீங்க பார்த்தீங்கதானே?”

பெரியவளின் கையிலிருந்த முனை நழுவித் தரையில் விழுந்தது. எந்தப் படம் என்று கேட்கத்தான் வாயெடுத்தாள், வந்தது வேறு.

“அப்படி ஒரு படம் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சின்னவள் போர்வையை உதறுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நானும் பார்த்தேன்.”

“எப்போ?”

“ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டுட்டு நீங்க மேல போனதும்.”

“கூட்டத்துக்கு முன்னாடியேவா?”

“ம்.”

“அப்புறம் ஏன்டி அங்க வாயத் திறக்கல?”

“நீங்க சந்தேகம்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும். சொல்லட்டும், அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் தப்புன்னு ஆகட்டும்னு இருந்தேன். அப்போ காவல் எனக்கு வந்துடும்னு…” அவள் போர்வையின் ஓரத்தைத் திரும்பப் பிழிந்தாள். “ஒரு வாரத்துல எல்லாம் முடிஞ்சு போகும்னு நான் நினைக்கல.”

“அடிப்பாவி!”

“நீங்க மட்டும் என்னவாம்?”

“நான் என்ன… எனக்கு…” பெரியவள் கீழே விழுந்த முனையை எடுத்து உதறினாள். “எனக்கு வயித்தெரிச்சல்டி! நீ வந்ததுலேர்ந்து. போதுமா?”

“எனக்கு மட்டும் இல்லையா? ஆமைன்னாலே எல்லாருக்கும் உங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது. நான் என்ன செஞ்சாலும் ‘ஆமைக்காரியோட ஓரகத்தி’. வேகமா கணக்குப் போடலாம், நிரல் எழுதலாம். பதினெட்டு வருஷத்தை எந்தக் கடையிலக்கா வாங்கறது?”

பெரியவளுக்குள் ஏதோ குளிர்ந்தது. வெட்கப்பட வேண்டிய குளிர்ச்சிதான், ஆனாலும் குளிர்ந்தது. இரண்டு ஆண்டுகளாக அவள் தவம் கிடந்த வாக்கியம் அது. அதைக் கேட்டு முடிப்பதற்குள் சின்னவள் ஈரப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பத் தொடங்கினாள். தனக்காக அழவில்லை, கைநழுவிய அந்த இரண்டு நாளுக்காக, ஆமைக்காக அழுதாள். பதினெட்டு ஆண்டு பார்த்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று, அந்த அழுகையின் மேலும் பெரியவளுக்குப் பொறாமை வந்தது.

“சரி, போர்வையை அழுக்காக்காதே. துவைச்சது நான் இல்ல, நீதான்” என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் கட்டுரையின் முன்வரைவோடு இயக்குநர் அறைக்குப் போனார்கள். விளிம்புப் படத்தையும் சேர்க்காமல் கணக்கு முழுமை பெறாது, சேர்த்திருந்தார்கள். அதனால் என்ன கேள்வி வரும் என்பதும் தெரிந்திருந்தது. இயக்குநர் படித்துக்கொண்டே வந்தவர், அந்தப் பக்கத்தில் நின்றார்.

“இந்தப் படம் கையில இருந்தா சந்தேகமே வந்திருக்காதே. எப்போ கிடைச்சுது?”

“கூட்டத்துக்கு முந்தின நாளே பார்த்துட்டேன் சார், நான்தான் சொல்லல” என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இதிலுமா முந்திக்கொள்வாள்? “அவ சின்னப்பொண்ணு சார். காவல் என்னோடது. அவளுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேன். பார்த்துட்டுத்தான் சந்தேகம்னு சொன்னேன்.”

“முன்னாடியேன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க மாடி ஏறினதுமே நான் தேட ஆரம்பிச்சாச்சு.”

“நான் மாடி ஏறும்போதே எந்தப் பதிவுன்னு எனக்குத் தெரியும்.”

இயக்குநர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. அன்று மாலைக்குள் ஆமையின் காவல் கருந்துளைக்காரருக்கு மாற்றப்பட்டது. கட்டுரையில் இரண்டு பெயர்களும் இருக்கலாம், ஆனால் அவர் பெயருக்குப் பின்னால் என்றும் சொல்லிவிட்டார்.

மாலையில் இருவரும் பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல்முறை. இரண்டு நிறுத்தங்கள் கடந்தன.

“காவல் கைக்கு வந்ததும் அந்த ஆளு என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமாக்கா?” என்றாள் சின்னவள். “துடிப்பு வரைபடத்துல எது பெரிய மேடு, எது சின்ன மேடுன்னு கேக்கறார்.”

“அதுகூடத் தெரியாதா?”

“தெரியாது!”

“தெரியாதவர் எதுக்குக் காவல் வாங்கிக்கிட்டார்?” பெரியவளின் குரல் ஏறியது; முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். “ஒரு காலத்துல வேண்டாம்னு என் தலையில தள்ளிவிட்டுப் போனவர்டி அவர். இப்போ திரும்பினதும் இனிக்குதாமா?”

“நாளைக்கு அவர் பேருதான் முதல்ல வரும்.”

“வரும், வரும். நம்ம ஆமை, அவர் பேரு!”

நம்ம என்று சொல்லிவிட்டதைப் பெரியவள் கவனிக்கவில்லை. சின்னவள் கவனித்தாள், சொல்லவில்லை. இருவருக்கும் வயிறு ஒரே அளவில் எரிந்துகொண்டிருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது, கருந்துளைக்காரர் இன்னும் என்னென்ன கேட்டார் என்று சின்னவள் சொல்லிக்கொண்டிருந்தாள், பெரியவள் “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.